நாலரை மணிக் கடிகாரமும் நாற்பது ஷாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகத் திருமணமான பெண்கள் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் போடும் 'மருமகளின் ஒரு நாள்' வகை வீடியோக்கள் பற்றி உங்கள் மகளிர் இணைப்பில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தோம். 'நம் பண்பாட்டைக் காப்பாற்றுகிறார்கள்' என்று ஒரு சாரார் மெச்சுகிறார்கள். 'பாட்டி காலத்துக்கே இழுத்துப் போகிறார்கள்' என்று இன்னொரு சாரார் திட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் வீடியோவில் கண்டதை அப்படியே நம்பிக்கொண்டுதான் சண்டை போடுகிறது. அப்படிப்பட்ட சேனல்களுக்குப் படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் எங்கள் தொழில். அந்த வீடியோக்கள் எப்படித் தயாராகின்றன என்பதைச் சொல்லாமல் இந்த விவாதம் நடப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறோம்.

ஒரு நிமிட ரீலில் 25 முதல் 40 ஷாட் வரை இருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு விநாடிதான் ஓடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ட்ரைபாடை நகர்த்தி வைக்க வேண்டும். லென்ஸைத் துடைக்க வேண்டும். தாளிக்கிற இடத்தில் எண்ணெய்ப் புகை படிந்து படம் சீக்கிரம் மங்கிவிடும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி வைக்க வேண்டும். பூட்டாவிட்டால், இலையில் வெள்ளைச் சாதம் விழுந்த உடனே கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், பரிமாறுகிறவர் முகம் கறுத்துப் போகும். ஷாட்டுக்கு நாலைந்து நிமிடம் என்று வையுங்கள். சாம்பார், ரசம், ஒரு பொரியல் என்று ஒன்றேகால் மணி நேரத்தில் முடிகிற சமையல், படம் பிடித்துக்கொண்டே செய்தால் நான்கு மணி நேரம் இழுக்கும். அதன்பின் வெட்டுவது, குரல் கொடுப்பது, எழுத்து ஓடவிடுவது, முகப்புப் படம் செய்வது எல்லாம் சேர்த்து இன்னும் மூன்று மணி நேரம். இவ்வளவையும் பெரும்பாலும் ஒரே பெண்தான் செய்கிறார். 'வேலைக்குப் போகாம வீட்டைப் பாத்துக்கிறாங்க' என்று அந்த வீடியோவின் கீழேயே கருத்து எழுதுகிறார்கள்.

எல்லா வீடியோவும் விடிகாலை நாலரை மணியில்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வெறும் மொபைலில் எடுத்தால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். போனில் இருக்கும் சின்ன சென்சாருக்கு அந்த இருட்டு தாங்காது. ஆகவே மாலை ஆறு, ஆறரை மணிக்கு, இருட்டுகிற நேரத்தில் எடுப்பார்கள். கேமராவில் நிற வெப்பத்தை 3,800 கெல்வின் வாக்கில் இறக்கினால் படம் நீலம் பூத்து விடியற்காலை ஆகிவிடும். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைத்து இரண்டு விநாடி காட்டினால் போதும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கிழக்குப் பார்த்த வீடு என்று ஹோம் டூரில் பெருமையாகச் சொல்லியிருப்பார். 'விடியற்காலை'க் கோலத்தில் வாசலுக்கு எதிரே வானம் இருண்டும், வீட்டுக்குப் பின்னால் வெளுத்தும் இருந்தால் அது சாயங்காலம்.

கோலமும் அப்படித்தான். பச்சரிசி மாவு கேமராவில் பழுப்பு தட்டி மங்கலாகத் தெரியும், கல் பொடிதான் பளிச்சென்று விழும். தரை லேசாக ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் கோடு கரைந்து பரவும், காய்ந்திருந்தால் வெள்ளை எடுபடாது. 'எறும்புக்கும் உணவிடும் பண்பாடு நம்முடையது' என்று பின்னணியில் குரல் ஓடும்போது தரையில் கிடப்பது எந்த எறும்பும் சீந்தாத கல் பொடி.

இதையெல்லாம் மோசடி என்று நாங்கள் சொல்லவரவில்லை. சினிமாவில் மழையைக் குழாயில்தான் பெய்ய விடுகிறார்கள். சினிமா என்று தெரிந்து பார்ப்பது வேறு, பக்கத்து வீட்டு அக்காவின் வாழ்க்கை என்று நம்பிப் பார்ப்பது வேறு. இந்த வீடியோக்களைப் பார்க்கிறவர்களில் பலர் அதே வயதில், அதே நிலையில் உள்ள பெண்கள். ராத்திரியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஓடவிடுவது அதற்காகத்தான். பார்த்து முடித்ததும் தன் வீட்டுச் சமையல் மேடையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா, அங்கேதான் சிக்கல்.

வீடியோவில் வரும் பெண்மையின் வடிவத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறோம். எந்த விநாடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதை யூடியூப் ஒரு கோடாகப் போட்டுக் காட்டும். பாத்திரம் தேய்க்கிற காட்சியில் கோடு சரியும். அரிசியில் கல் பொறுக்கினால் சரியும். கழிவறை கழுவினால் விழுந்தே போகும். தலையில் பூ வைக்கும்போது, கணவருக்குப் பரிமாறும்போது, மாமியார் கதவைத் திறந்துகொண்டு வரும்போது கோடு நிமிரும். அடுத்த வீடியோவில் சரிந்ததை வெட்டுகிறோம், நிமிர்ந்ததை நீட்டுகிறோம். இப்படி இருபது வீடியோ போனால், பாத்திரமே தேய்க்காத, வியர்க்காத, நாள் முழுக்கப் பரிமாறிக்கொண்டே இருக்கிற ஒரு பெண் உருவாகிவிடுகிறாள். எந்தக் கொள்கையும் இல்லாமல் உருவானவள் அவள். 'குடும்பக் குத்துவிளக்கு' ரீல் போடுகிறவரும், 'மாமியார் கொடுமை' என்று உதட்டசைத்து நடித்துச் சிரிக்க வைக்கிறவரும் பல சமயம் ஒரே ஆள்தான். திங்கள்கிழமை இது, வியாழக்கிழமை அது.

கொலுசுச் சத்தம், வளையல் சத்தம் எல்லாம் பின்னால் சேர்ப்பது. கண்ணாடி வளையலோடு காய் நறுக்கினால் மைக்கில் அது ஒன்றுதான் கேட்கும். அதனால் வளையலைக் கழற்றிவிட்டு நறுக்கும் ஓசையைப் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தனியாக எடுத்து, வளையல் ஓசையை வேண்டிய இடத்தில் தூவுவார்கள். தோலை மழுப்பும் ஃபில்டர் முகத்துக்கு மட்டும் போடுவதில்லை, கைக்கும் போடுகிறார்கள். நாள்தோறும் சமைக்கிற கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கும், நகக்கண்ணில் மஞ்சள் இருக்கும். அவை எல்லாம் எடிட்டில் போய்விடுகின்றன. உண்மையில் சமைத்த கைக்கு அடையாளம் அதுதானே?

உடையில் விஷயம் இன்னும் தீவிரமானது. ஜார்ஜெட் அல்லது வழுக்கும் செயற்கை இழைப் புடவை, மடிப்பு வைக்காமல் தொங்கவிட்ட முந்தானை, விரித்த தலைமுடி, எரியும் கேஸ் அடுப்பு. இந்த நாலும் ஒரே ஃபிரேமில் இருக்கும் ரீல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி எரியும், ஆனால் உருகி ஒட்டாது. அடுப்பின் பின் பர்னரில் இருப்பதைக் கிளறக் கை நீட்டும்போதுதான் முந்தானை முன் பர்னரில் விழும். மைக்குக்காக எக்ஸாஸ்ட் ஃபேனையும் அணைத்திருப்பார்கள். நாங்கள் எடுக்கும் இடங்களில் அடுப்பைப் பற்றவைக்காமலேயே கிளறச் சொல்கிறோம். ஆவி வேண்டுமென்றால் பாத்திரத்துக்குப் பின்னால் கொதிநீர் டம்ளர் ஒன்றை மறைத்து வைத்து, ஜன்னல் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்படி செய்தால் போதும், அருமையாகத் தெரியும். பார்க்கிறவருக்கு அது தெரியாது. அவர் நிஜ அடுப்பில் அதே முந்தானையோடு நிற்பார். சமைக்கும்போது முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகுவது நம் வீடுகளில் எல்லாரும் செய்வது. கேமராவுக்கு அது 'வேலைக்காரி மாதிரி' தெரிகிறதாம். இந்த வார்த்தையைச் சொன்னவர்களிடம் பதில் சொல்லி மாளாது.

அந்த 'வேலைக்காரி'யும் வீட்டில் இருக்கிறார், ஃபிரேமில்தான் இல்லை. படத்தில் தெரிவது நாலடி மேடை. மீதி எல்லாம் கேமராவுக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு ரீலுக்காக எடுத்த கிண்ணங்கள், கரண்டிகள், நறுக்கி வைத்த தட்டுகள் இரண்டு தொட்டி நிறையும். அதைத் தேய்க்க வேலைக்கு வரும் அக்கா இருக்கிறார். அவர் இல்லாத வீட்டில் மாமியாரோ அம்மாவோ. குழந்தையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர். நடுத்தர வீட்டில் தனிக்குடித்தனம் இருக்கும் ஒரு பெண், இதைப் பார்த்து எட்டு மணிக்குள் எல்லாம் முடிக்க ஆசைப்பட்டால், மூன்று பேர் செய்ததை ஒருத்தி செய்ய முயல்கிறாள் என்று அர்த்தம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டதாகக் கணக்கு வந்தது. எட்டு நிமிட வீடியோவில் அந்த 289 நிமிடத்தின் கனம் கொஞ்சமும் தெரிவதில்லை.

எட்டு நிமிடம் என்றோமே, அது தற்செயல் அல்ல. யூடியூபில் வீடியோவின் நடுவில் விளம்பரம் வர வேண்டுமானால் குறைந்தது எட்டு நிமிடம் ஓட வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய விஷயத்தில் 'ஃப்ரிட்ஜை ஒருவாட்டி துடைச்சிரலாமா அக்காஸ்' என்று மூன்று நிமிடம் ஏறுவது அதனால்தான். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். இல்லையேல் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. நீள வீடியோவில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. ஆனால் தமிழ்க் குடும்ப சேனலுக்கு இதில் பெரிய பணம் இல்லை. பணம் வருவது விளம்பரதாரரிடமிருந்து: பாத்திரக் கடை, கூந்தல் தைலம், நலங்கு மாவு, புடவை மறுவிற்பனை, நகைச் சீட்டு. காரடையான் நோன்பு, ஆடித் தள்ளுபடி, வரலட்சுமி விரதம், நவராத்திரி, மார்கழி என்று பக்திக்கும் வியாபாரத்துக்கும் ஒரே நாள்காட்டிதான். விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே கலசமும் புடவையும் வந்து இறங்கிவிடும். பூஜை வீடியோ அப்போதே எடுத்து முடிந்திருக்கும். சில வீடுகளில் அம்மன் முகத்தைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பியும் விடுகிறார்கள்.

காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் சொல்லியாக வேண்டும் என்பது விதி. விளம்பரத் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி, 15 விநாடிக்குக் குறைவான வீடியோவில் 'விளம்பரம்' என்ற முத்திரை குறைந்தது மூன்று விநாடி தெரிய வேண்டும். 15 விநாடி முதல் இரண்டு நிமிடம் வரை என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு நிமிட ரீலில் 20 விநாடி. எத்தனை ரீலில் பார்த்திருக்கிறீர்கள்? ஹேஷ்டேகுகளுக்கு நடுவே 'கொலாப்' (நிறுவனத்தோடு கூட்டு) என்று ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தில் சேர்க்கும் பொறுப்புத் துறப்பு வாசகம் எந்த மொழியில் பொருளைப் புகழ்கிறோமோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கே பத்து லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓராண்டு வரை பரிந்துரை செய்யத் தடையும் போடலாம். இலவசமாக வந்த பொருளைத் தானே வைத்துக்கொண்டால், ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும்போது பத்து சதவீத வரிப் பிடித்தம் உண்டு. 2022 ஜூலையிலிருந்து இது நடைமுறை. 'எங்க மாமியார் பர்த்டேக்கு வாங்கிக் கொடுத்தாங்க' என்று சொல்லப்பட்ட கிரைண்டருக்கு இந்த வரிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டால் பலருக்கு முகம் மாறும்.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் பெண்களுக்கு உங்கள் இணைப்பு ஒரே ஒரு நடைமுறைச் செய்தி சொன்னால் புண்ணியமாகப் போகும்: பணம் யார் பெயரில் வருகிறது? சேனல் திறந்த கூகுள் கணக்கு கணவர் பெயரில், மீட்பு எண் அவர் போனில், விளம்பரப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் கூகுள் ஆட்சென்ஸில் பெறுநர் பெயரும் வங்கிக் கணக்கும் பான் எண்ணும் அவருடையவை. இப்படித்தான் பல இடங்களில் இருக்கிறது. தொடங்கும்போது 'அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்' என்று விட்டுவிடுகிறார்கள். பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் பின் எண் தபாலில் வரும், நூறு டாலர் தாண்டினால் பணம் இறங்கும், யாருடைய கணக்கில் என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை. சண்டை வந்தால், முகம் இவருடையது, குரல் இவருடையது, சமைத்தது இவர், சேனல் மட்டும் இவருடையதில்லை. பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய பிராண்ட் கணக்காகத் திறந்து, தன்னை முதன்மை உரிமையாளராகவும் கணவரை மேலாளராகவும் வைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-இல், மாதம் 1,000 ரூபாயை உதவி என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டுத் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கியது. வீட்டு வேலையை வேலை என்று நீதிமன்றமும் அரசும் ஒப்புக்கொண்டிருக்கும் நேரத்தில், அதை 'அன்பு' என்ற ஒற்றை நிறத்தில் முக்கி எடுத்துக் காட்டுவது அந்தப் பெண்களுக்கே எதிராகப் போகும்.

இனி, பார்த்துச் செய்கிறவர்கள் வீட்டில் கெட்டுப்போகிற பொருட்கள். மளிகை எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகளில் கொட்டி, மூங்கில் மூடி போட்டுத் திறந்த அலமாரியில் அடுக்கும் வீடியோவுக்கு எப்போதும் கிராக்கி. கொட்டிய கணமே பாக்கெட்டில் இருந்த காலாவதித் தேதியும், தொகுதி எண்ணும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் குப்பைக்குப் போகின்றன. பழைய துவரம் பருப்பு அடியில் கிடக்க, புதியது மேலே விழும். அடியில் பிடிக்கிற வண்டு ஒரு மாதத்தில் மேலே வரும். வெயில் படும் அலமாரியில் மிளகாய்த்தூள் நிறம் வெளுக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் மூங்கில் மூடியின் உள்பக்கம் பூஞ்சணம் பூக்கும். பழைய சரக்கைத் தனியாக எடுத்துவிட்டு, ஜாடியைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பாக்கெட்டின் தேதிப் பகுதியை வெட்டி உள்ளே போட்ட பிறகு நிரப்ப வேண்டும். எவர்சில்வர் டப்பா அழகில்லைதான், ஆனால் வெளிச்சம் புகாது.

பொரியலும் கீரையும் திரையில் பச்சைப் பசேலென்று இருப்பதற்குப் பல இடங்களில் காரணம் ஒரு சிட்டிகை சமையல் சோடா. பச்சையத்தில் உள்ள மக்னீசியம் புளிப்பில் கழன்றுவிடுவதால்தான் வெந்த காய் பழுப்பாகிறது. சோடா அந்தப் புளிப்பைக் கொன்று நிறத்தை நிறுத்தும். கூடவே காயைக் குழைய வைக்கும், தயமின் (வைட்டமின் பி1), வைட்டமின் சி இரண்டையும் அழிக்கும். மூடாமல், கொதிக்கும் நீரில், கொஞ்ச நேரம் மட்டும் வேகவிட்டாலே நிறம் ஓரளவு நிற்கும். குழம்பின் மேல் 'எண்ணெய் பிரிந்து' மினுங்குவது பெரும்பாலும் கடைசியில் மிளகாய்த்தூள் கலந்து ஊற்றிய ஒரு கரண்டி சூடான எண்ணெய்.

உங்கள் நிருபர்கள் இத்தகைய பெண்களைப் பேட்டி காணும்போது அழகுக் குறிப்புகளோடு நிறுத்தாமல், இந்த வீடியோ எத்தனை மணி நேரத்தில் எடுத்தது, வீட்டில் வேறு யார் யார் வேலை செய்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். படப்பிடிப்பு நேரத்தைத் திரையின் ஓரத்திலேயே போட்டுவிடுகிறவர்களும், பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு ஒரு ஷாட்டும் வீடியோ வருமானத்தில் ஒரு பங்கும் கொடுக்கிறவர்களும் உண்டு. கோடு சரியும் என்று தெரிந்தே செய்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இடம் பெற வேண்டியவர்கள் அவர்கள்.

கடைசியாக ஒன்று, இது மட்டும் அவசரம். அதே இணைப்பில் ஒரு ரீலிலிருந்து எடுத்துப் போட்ட ஈயச்சொம்பு ரசக் குறிப்பில், 'சொம்பிலேயே நெய் ஊற்றித் தாளிக்கவும்' என்று அச்சாகியிருக்கிறது. அந்தச் சொம்பு செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பு நூறு டிகிரியை அவ்வளவாகத் தாண்டாது, அதனால் தப்பிக்கிறது. ஒரு ஸ்பூன் நெய்யோடு நேரடித் தீயில் வைத்தால் அடிப்பாகம் சில நிமிடத்தில் இளகி ஓட்டை விழும், கொதிக்கும் நெய் தீயில் கொட்டும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும், தீ சொம்பின் அடியைத் தாண்டி மேலே ஏறக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து மேலே கொட்ட வேண்டும். நச்சு உலோகமான காரீயம் கலந்த போலிச் சொம்புகளும் விற்கப்படுவதால், தெரிந்த பாத்திரக் கடையில் வெள்ளீயம் என்று எழுதிய ரசீதோடு வாங்கச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள். அடுத்த இதழிலேயே, குறிப்பு வந்த அதே பக்கத்தில் இந்தத் திருத்தத்தைப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடும்ப வீடியோக்களுக்குப் படப்பிடிப்பும் படத்தொகுப்பும் செய்யும் சில பெண்கள்,
திருச்சி.